வருடங்களை அதிகம் தின்னாத ரம்பம்

ஆற்றங்கரைப் புல்லில் கவிழ்த்து வைத்திருந்த சின்னப் படகின்மேல் மரே ட்ரிஃபிட் ட்ரெய்லரைப் பின்பக்கமாக ஏற்றிய அன்று, அவன் மனைவி ரேலீன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மண்டியிட்டு, நொறுங்கிய பலகைகளை விரலால் தடவிப் பார்த்தாள். இடது விலாவில் மூன்று போயிருந்தன. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "டீ போடறேன், வா" என்று வீட்டுக்கு நடந்தாள்.

ஹூயோன் ஆற்றோரம் ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கத் தெரியாதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. மரே கொஞ்ச நாள் பௌலிங் கிளப் பக்கமே போகவில்லை.

அது ரேலீனின் அப்பா ஏத்தல் கட்டிய படகு. வெள்ளத்தில் அடித்து வந்த மிக மெதுவாக வளரும் ஹூயோன் பைன் மரத்தின் ஒற்றைக் கட்டையை அறுத்து, அவள் பிறந்த குளிர்காலத்தில் கட்டியது. ரேலீன் ஆப்பிள் கொட்டகையில் பழம் பிரித்த காலத்திலும், பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்திலும், விடியலில் அதில் துடுப்புப் போட்டுப் போய் நாலு தட்டைத்தலை மீன் பிடித்துக்கொண்டு வந்துதான் வேலைக்குக் கிளம்புவாள். பேருந்தில் மீன் வாடை அடிப்பதாகப் பிள்ளைகள் புகார் சொன்னதுண்டு. "அது உங்க சாக்ஸ்" என்பாள்.

அந்தக் கட்டையிலிருந்து ஏத்தல் ஒரு தடித்த பலகையை மட்டும் மிச்சம் வைத்திருந்தார். நல்ல காரியத்துக்கு என்று. அந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் இப்படி ஒரு பலகை உண்டு; கட்டிலுக்கு அடியில், உத்தரத்தின்மேல், கோழிக்கூண்டுக்குப் பின்னால். யாரும் வெட்டமாட்டார்கள். பலகைக்கு ஈடான நல்ல காரியம் ஒன்று வந்து சேருவதே இல்லை. ரேலீன் சின்னவளாக இருந்தபோது அதன் முனையில் தெரியும் வளையங்களை ஊசிமுனையால் எண்ணிப் பார்த்திருக்கிறாள். பலகையின் தடிமனைக் கடப்பதற்குள் அவள் தாத்தா பிறந்த வருடத்தையும் தாண்டிவிட்டது. அதுவும் நடுமரம் அல்ல, விளிம்பு. மீதி மரம் எந்த ராஜா காலத்தில் முளைத்ததோ. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. உத்தரத்தின்மேல் யாரோ வயதானவர் விழித்துப் படுத்திருப்பதுபோல் இருந்தது.

இப்போது அந்தப் பலகையை இறக்கியாக வேண்டும். உடைந்த மூன்றுக்கும் மாற்று அதிலிருந்துதான் வரவேண்டும். அதே மரம், அதே நிறம். வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது. தடிமனை அளந்தால் மூன்று மெல்லிய பலகை வரும், இழைப்பதற்குக் கொஞ்சம் மிஞ்சும். ஒரு கோடு பிசகினால் இரண்டுதான். இரண்டு பலகையோடு படகு மிதக்காது.

"ஊர்ப் பொதுவுல இருக்கற ஆண்கள் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயேன். அங்க பெரிய பட்டை ரம்பம் இருக்கு" என்றான் மரே.

"அங்க பத்துப் பேர் நின்னு பதினோரு யோசனை சொல்லுவாங்க. எனக்கே எனக்குன்னு ஒரு மேசை ரம்பம் வேணும்னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்?"

"அப்போ நான் வாங்கித் தர்றேன். இருக்கறதுலயே பெருசா."

சனிக்கிழமை காலை கருவிக் கடை வாசலில் தீயணைப்புத் தொண்டர்கள் நிதி திரட்ட சாசேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வெங்காயத்தோடு ரொட்டியில் சுருட்டிய ஒன்றை மரே வாயில் திணித்துக்கொண்டு, நேராகப் போய் ஆகப் பெரிய ரம்பத்தின் முன் நின்றான். மடக்குக் கால், ரப்பர்ச் சக்கரம், பத்து அங்குலப் பிளேடு. கோயிலில் நிற்பவன்போல் தொப்பியைக் கழற்றினான்.

"ரே, இதைப் பாரேன். மனுஷன் செஞ்சதா இது!"

ரேலீனும் கிட்டே போனாள். மேசையின் தட்டு குளத்து நீர்போலச் சமமாக இருந்தது. நடுப்பிளவில் பிளேடு நின்றது. ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒட்டியிருந்த கடின உலோகம் விளக்கைத் தனித்தனியாக வாங்கித் திருப்பியது. இதை எழுப்பிவிட்டால் தாத்தாவின் தாத்தா பார்த்த வெயிலைக்கூட அறுத்துத் தூளாக்கிவிடும். அப்பாவுக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்று நினைத்தாள்.

கடைப் பையன் லாக்கி வந்தான். அவன் அம்மா ஆப்பிள் கொட்டகையில் ரேலீனோடு நின்று பழம் பிரித்தவள்.

"என்ன ரேலீன், படகுக்கா? கேள்விப்பட்டேன்." மரேயைப் பார்க்காமலிருக்க லாக்கி படாதபாடு பட்டான்.

"சிரிச்சுக்கோ, லாக்கி. அடக்கி வச்சா உடம்புக்கு ஆகாது" என்றான் மரே.

ரேலீன் பெரிய ரம்பத்தைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்புக்கு மேல் வரவில்லை. அவள் பட்டறை என்பது கார் நிறுத்தும் கூரையின் பின்பாதி. குளிர்பெட்டிக்கும் இறால் கூடைக்கும் நடுவே கிடைத்த இடம். நீளப் பலகை அறுக்க ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை வாசல் பாதைக்குக் கொண்டுவர வேண்டும்.

"நான் தள்ளிக்கிட்டு வர்றேன்ல" என்றான் மரே.

"நீ கிளப்புக்குப் போயிருக்கிற நேரத்துல?"

அடுத்து, மரத்தை ஒட்டி நகர்த்த மேசையில் இருக்கும் தண்டைப் பூட்டச் சொல்லி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அசையவில்லை. பையிலிருந்து அப்பாவின் இரும்பு அளவுகோலை எடுத்துப் பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் தண்டு எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். இரண்டும் ஒன்று.

"நல்லாத்தான் இருக்கு. பிளேடு என்ன கனம், லாக்கி?"

"மூணு மில்லிக்குக் கொஞ்சம் கம்மி."

"ஒரு கோட்டுக்கு ஆறு வருஷம்."

"என்ன?"

"அந்த மரம் ஒரு மில்லி பருக்க ரெண்டு வருஷம் ஆகும். இந்தப் பிளேடு ஒரு தடவை போனா ஆறு வருஷம் தூளாப் போகும். ரெண்டு கோடு, பன்னெண்டு."

லாக்கி பிளேடைப் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்தான். "இதுக்கே மெல்லிசு பிளேடு போடலாமேன்னா, பிளவு மூடாம இருக்கப் பின்னால நிக்கிற தகடு அதைவிடத் தடிப்பா இருக்கும். மரம் போய் அதுல முட்டும்" என்றான். பிறகு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சின்னதொன்றை இழுத்தான். எட்டேகால் அங்குலப் பிளேடு, பேட்டரியில் ஓடுவது. "இது பல்லு ரெண்டு மில்லிகூட இல்ல. தண்டு இதேதான். ஆனா உசரம் பத்தாது. உங்க பலகை அகலம் என்ன?"

ரேலீன் இரண்டு கையாலும் காட்டினாள். பலகையை நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒருமுறை, திருப்பிப் போட்டுக் கீழே ஒருமுறை அறுக்க வேண்டும். பெரிய ரம்பத்தில் இரண்டு கோடும் நடுவில் சந்தித்துவிடும். சின்னதில் நடுவே கட்டைவிரல் அகலம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"பாத்தியா, வேலை பாதியில நிக்கும். பெருசை எடு, ரே. நான்தானே உடைச்சேன்" என்றான் மரே. தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ரேலீனுக்கு உறைத்தது: இவன் ரம்பம் வாங்க வரவில்லை, அபராதம் கட்ட வந்திருக்கிறான். எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது அவனுக்கு.

அவள் குனிந்து சின்ன ரம்பத்தைத் தூக்கினாள். நெஞ்சுவரை வந்தது.

"நடுவுல மிஞ்சறதை நீ கையால அறு. அப்பாவோட கைரம்பம் சும்மாதான் தொங்குது."

"நானா? அந்தப் பலகையையா?"

"உனக்குத் தண்டனை வேணும்ல? இது போதுமா, இன்னும் வேணுமா?"

லாக்கி இப்போது தாராளமாகச் சிரித்தான்.

சின்ன ரம்பத்தோடு வீட்டுக்கு வந்து, முதலில் சாதாரணப் பைன் துண்டுகளில் அறுத்துப் பழகினாள். தண்டோடு உயரமான பலகையொன்றை முடுக்கி, மரம் சாயாமலிருக்க முதுகு கொடுத்தாள். மரத்தைத் தண்டோடு அழுத்திப் பிடிக்க, சீப்புபோலப் பல் வெட்டிய கட்டை ஒன்றை எதிர்ப்பக்கம் இறுக்கினாள். பிறகு ஒரு காற்றில்லாத காலையில், இருவரும் ஏத்தலின் பலகையை உத்தரத்திலிருந்து இறக்கி வாசல் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். மறுமுனையைத் தாங்க மரே நின்றான்.

"இழுக்காதே. தள்ளாதே. வர்றதை வாங்கிக்கோ, அவ்ளோதான்."

"கல்யாணத்தன்னைக்கும் இதையேதான் சொன்னே."

பிளேடு சுழன்றதும் பற்கள் மறைந்து ஒரு மங்கலான வட்டம் நின்றது. ரேலீன் பலகையை அதன் வாயில் வைத்தாள். சத்தத்தைவிட வாசனைதான் முந்தி வந்தது. தேனும் மிளகும் மழைக்காடும் சேர்ந்த வாசனை. மஞ்சள் தூள் அவள் புறங்கையில் வெதுவெதுப்பாக விழுந்தது. தள்ளுகட்டையால் அவசரமில்லாமல் தள்ளினாள். அப்பா பிறந்த வருடம், ஊரில் பெரிய காட்டுத்தீ வந்த வருடம், யாரும் குறித்துவைக்காத மழைகள், எல்லாம் அந்தப் பலகையில் எங்கோ இருந்தன. கோடு கடைசிவரை நூல் பிடித்ததுபோலப் போயிற்று. திருப்பிப் போட்டாள். மறுகோடும் போயிற்று.

அடுத்தது மரேயின் முறை. பலகையைக் கட்டையில் பிணைத்து, ஏத்தலின் கைரம்பத்தை இரண்டு பிளவுக்கும் நடுவில் விட்டான். அவன் அவ்வளவு மெதுவாக எதையும் செய்து ரேலீன் பார்த்ததில்லை. பிளவில் ஓர் ஆப்பு வைத்தாள். இன்னொன்று. முனையில் 'டக்' என்று சின்னச் சத்தம்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்தார்கள்.

உள்முகம் ஈரமானதுபோல் பளபளத்தது. வெண்ணெய் நிறத்தில் நீளநீளமாக அலைகள், நடுவே பறவைக் கண்கள்போலச் சின்னச் சுழிகள் கூட்டமாக. அந்த முகத்தை இதுவரை எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. வெளிச்சமே பார்த்ததில்லை. ரேலீன் கையை வைக்கப் போய், வைக்காமல் நிறுத்தினாள். மரே தொப்பியைக் கழற்றியிருந்தான். பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது.

"ரே."

"ம்."

"இதுக்கு மேலேயா நான் ட்ரெய்லரை ஏத்தினேன்?"

"இதோட கூடப்பிறந்ததுமேல."

அவள் இரும்பு அளவுகோலைத் தடிமனில் வைத்தாள். பிரிந்து வந்த பலகை சரியான கனம். மீதியில் இன்னும் இரண்டு அடங்கும். இழைப்பதற்கும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டாவது தடவையும் அளந்தாள். பிறகுதான் கையை உள்முகத்தின்மேல் முழுசாக வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

மரே தரையில் உட்கார்ந்து, சிந்திய தூளையெல்லாம் ஜாம் பாட்டிலில் அள்ளிக்கொண்டிருந்தான். துணி அலமாரியில் வைத்தால் பூச்சி வராது என்றான். கல்லிடுக்கில் கிடந்ததைக்கூட விடாமல் நகத்தால் நோண்டினான்.

"படகு தயாரானா, தண்ணியில இறக்க நான் ட்ரெய்லரை..." என்று ஆரம்பித்தான்.

"நீ இறங்கி நின்னு கை காட்டு. வண்டி நான் எடுக்கறேன்" என்றாள் ரேலீன். பேட்டரியை மாற்றிவிட்டு, அடுத்த கோட்டுக்குத் தண்டை நகர்த்திப் பூட்டினாள்.