வடிதாளும் இரண்டு மாப்பிள்ளைகளும்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் பாட்டில். உடனே வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். குடிநீர் அலுவலகத்தின் சோதனைக்கூடத்தில் வேலை. ஊரில் உள்ள தொட்டிகளிலிருந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, புனலில் வடிதாளை மடித்து வைத்து ஊற்றி, தாளில் தங்கிய அழுக்கை எடை போட வேண்டும். பதவி உயர்வு வந்தபோதுகூட, மாடிக்குப் போனால் மேஜைதான் இருக்கும், புனல் இருக்காது என்று வேண்டாம் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கிய அன்று இவர் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "நல்ல வண்டி" என்று மனசாரச் சொல்லிவிட்டு வந்தார். அன்று முழுக்க வயிறு எரிந்தவள் நான். எங்கள் வீட்டில் பொறாமைப்படுவது என் இலாகா. அதில் இவர் ஒருநாளும் தலையிட்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதரைக் காபி வடிக்கிற ஒரு பேப்பர் படுத்தி எடுத்துவிட்டது.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். தெருவைப் பார்த்த அறையை அவருக்குக் கொடுத்தோம். சாப்பாடு, மாத்திரை, முதுகுக்குத் தைலம் எல்லாம் என் பாடு. காலைக் காபி மட்டும் இவர் பாடு. டாக்டர் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டதால் கறுப்புக் காபிதான். பொடியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கம்பி வடிகட்டியில் வடித்து, இரண்டு கப்பில் ஊற்றிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போவார். செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இருவரும் சண்டை போடுவார்கள். எதற்கு என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. இவருக்கு நண்பர்கள் என்று யாரும் இல்லை. பெற்ற அப்பாவும் இவர் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனிதர் அந்த அறையில் மட்டும் குரலை உயர்த்துவார். அந்தக் காலைச் சண்டைக்காகவே எழுந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அப்பா என் தங்கை வீட்டுக்கு ஒரு வாரம் போய் வந்தார். தங்கை புருஷன் ஒரு பெரிய மெத்தைக் கடையில் மேலாளர். ஆள் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். யாரைப் பார்த்தாலும் தோளில் கை போட்டு, எதையாவது விற்கப்போகிற மாதிரியே பேசுவார். தங்கை வீட்டில் எதை எடுத்தாலும் எங்கள் வீட்டில் இருப்பதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

திரும்பி வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "காபின்னா அதுதாம்மா காபி. கண்ணாடி மாதிரி இருக்கு. கப்போட அடியில போட்டிருக்கிற பூ தெரியுது" என்றார்.

"பூவையாப்பா குடிக்கப் போறீங்க?"

"உனக்கு எப்பவும் ஒரு குத்தல். ஏதோ பேப்பர் வச்சு வடிக்கிறாரு. சின்ன மாப்பிள்ளைக்குக் கைராசி."

மறுநாள் காலை இவர் கொடுத்த காபியை அப்பா குடித்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "இங்க நமக்குச் சேறுதான்" என்று சிரித்தார். அதோடு விட்டாரா? "சின்னவ வீட்டோட போய் இருந்துடலாமான்னு பாக்குறேன். உங்களுக்கும் எத்தனை நாளைக்குத் தொந்தரவு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் தைலப் பாட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன். முதுகு வலித்தால் நான் வேண்டும், புகழ்வதற்கு மட்டும் சின்னவளா? ஆனால் இவர் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் அடங்கிவிட்டது. சேறு இருந்த கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளியில் பெயர் வெட்டப்பட்ட பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை, அலுவலகத்துக்குத் தாள் விற்கிற கடைக்கே போய் ஒரு கட்டு வடிதாள் வாங்கி வந்துவிட்டார். "வடிகட்டுறத எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்" என்றார். மறுநாள் காலை வட்டத் தாளை விசிறி மாதிரி மடித்துப் புனலில் வைத்து, நனைத்து, கரண்டிக் காம்பு வழியாகச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். ஊற்றியது ஊற்றியபடி நின்றது. அப்பா செய்தித்தாள் முழுவதையும் படித்தார், குளித்தார், தலை துவட்டிக்கொண்டு வந்தார். அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கையில் கிடைத்தது ஆறிப்போன தெளிந்த நீர்.

"தெளிவு இருக்கு மாப்பிள்ளை. காபிதான் இல்ல" என்றார் அப்பா.

"கண்ணுக்குத் தெரியாத அழுக்கப் பிடிக்கிற பேப்பர் மாமா இது. அதான் மெதுவா இறங்குது."

"அப்ப அழுக்குத் தண்ணிக்கே வச்சுக்குங்க."

அதோடு மனிதருக்கு வெறி பிடித்துவிட்டது. காபிக்கென்றே விற்கிற பேப்பர் எத்தனை வகை உண்டோ அத்தனையும் வீட்டுக்கு வந்தது. கூம்பு மாதிரி ஒன்று, அடி தட்டையாகக் கிண்ணம் மாதிரி ஒன்று, வெள்ளை, பழுப்பு, மெலிசு, தடி. என் மிளகு டப்பாவும் சீரக டப்பாவும் தரைக்கு இறங்கின. பழுப்புப் பேப்பரில் வடித்த காபி நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தது. பொடி போடுவதற்கு முன்னால் வெறும் வெந்நீரை ஊற்றி அலசினால் அந்த வாசம் குறைந்தது, போகவில்லை. மெலிசான வெள்ளையில் தண்ணீர் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஓடியது. காபி புளித்தது, சப்பென்றும் இருந்தது. தட்டைப் பேப்பர் ஓரத்தில் மடிந்து விழுந்து, பொடி பக்கவாட்டில் தப்பித்துக் கப்புக்குள் குதித்தது. வடித்த பேப்பரையெல்லாம் துணிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பொடி சுவரில் சமமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். என் நைட்டிக்கும் அப்பாவின் பனியனுக்கும் நடுவில் பழுப்புக் கறையோடு வரிசையாகத் தொங்கும். கார் வாங்கிய வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க வீட்ல பேப்பரக்கூடத் துவைச்சுப் போடுறீங்களா?" என்றாள். மானம் போயிற்று.

தோற்றுப்போன காபி எல்லாம் என் தலையில். கொட்ட மனசு வராமல் குடித்துக் குடித்து எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பொறாமை அவருக்கு, படபடப்பு எனக்கு. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பொறாமைதான். அது தங்கை மேல் இல்லை, என் அப்பா மேல். நான் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன காலத்தில் இந்த மனிதர் எனக்காக ஒரு பாக்கெட் பிஸ்கட்கூட வாங்கி வந்ததில்லை.

ஒருநாள் சகலைக்கே போன் போட்டு, ஏதோ வேறு விஷயம் பேசுகிற மாதிரி பேசி, "ஆமா, நீங்க எந்தப் பேப்பர் வாங்குறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"அட, பேப்பர்ல என்னண்ணே இருக்கு? எல்லாம் கைப்பக்குவம்தான்" என்று சிரித்தாராம் மெத்தைக்காரர்.

போனை வைத்துவிட்டு இவர், "அவனுக்குப் பேப்பரப் பத்தி என்ன தெரியும்? பஞ்ச விக்கிறவன்" என்றார். யாரையும் அவன் இவன் என்று இவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டில் துணைக்கு ஒரு ஆள் சேர்ந்த மாதிரி.

அதற்குள் தங்கை, ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டாள். அப்பா பெட்டியைத் துடைத்து வைத்தார். இவர் கடைசியாக ஒரு பேப்பரைப் பிடித்திருந்தார். வெள்ளை, கொஞ்சம் தடி, தொட்டால் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். வேகமாகவும் ஓடவில்லை, அடைத்துக்கொள்ளவும் இல்லை. அதில் வடித்த காபி உண்மையிலேயே நன்றாக இருந்தது.

"ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் போடுறோம். எது யாரோடதுன்னு மாமாவுக்குத் தெரியக் கூடாது. உனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். எங்க லேப்ல பாட்டில் மேல தொட்டி பேரு எழுத மாட்டோம், நம்பர்தான்" என்றார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "என்னோடத எடுத்தா இங்கயே இருந்துடுவாரு, இல்ல?" என்று கேட்டார்.

நான் என்னத்தைச் சொல்ல? "இருப்பாருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மெத்தைக்காரர் மூக்கு நீண்ட கெட்டிலும் பேப்பர் பாக்கெட்டுமாக வந்து இறங்கினார். சமையலறையில் இரண்டு மாப்பிள்ளைகளும் முதுகைக் காட்டிக்கொண்டு வடித்தார்கள். ஒரே மாதிரி இரண்டு கப்பில் ஊற்றி, நான் எடுத்துப் போய் அப்பா முன்னால் வைத்தேன். வலது பக்கம் மெத்தைக்காரருடையது. இடது பக்கம் எங்களுடையது.

அப்பா வலதை ஒரு மடக்கு குடித்து வைத்தார். இடதை எடுத்தார், கண்ணை மூடினார், கப் காலியாகும்வரை கீழே வைக்கவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆட்டம். இவர் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல கேக்கணுமா?" என்றார் அப்பா, காலி கப்பைத் தட்டிக்காட்டி. "இதுதான் சின்ன மாப்பிள்ளை போட்டது. வேற யாருக்கு வரும் இந்தக் கை?"

"அப்பா! அது உங்க பெரிய மாப்பிள்ளை போட்டது!" என்று நான் போட்ட சத்தத்தில் தங்கை துள்ளிவிட்டாள்.

அப்பா கப்புக்குள் பார்த்தார். இவரைப் பார்த்தார். முகம் மலர்ந்து, "அப்படியா! பரவாயில்லையே, சின்னவரப் பாத்து நல்லாக் கத்துக்கிட்டாரே!" என்றார்.

மெத்தைக்காரர் இவர் தோளில் கை போட்டு, "கலக்கிட்டீங்கண்ணே" என்றார். இவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, காலி கப்போடு சமையலறைக்குப் போனார். குழாய் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் பெட்டியைக் காரில் ஏற்றியதும் இவர்தான்.

அதன் பிறகு காலையில் இவர் அப்பாவின் அறைப் பக்கமே போகவில்லை. செய்தித்தாள் பிரிக்கப்படாமல் கிடந்தது. கொஞ்ச நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். எடுத்ததும் எரிந்து விழுந்தாள்.

"அக்கா, அத்தான் எந்தப் பேப்பர்ல வடிக்கிறாரு? அப்பா இங்க கப்பத் தொட்டுட்டுத் தள்ளி வச்சிடுறாரு. பெரிய மாப்பிள்ளை காபி மாதிரி வரலையாம். தினமும் இதே பேச்சு. என் வீட்டுக்காரரு மூஞ்சியப் பாக்க முடியல."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. "பேப்பர்ல என்னடி இருக்கு? எல்லாம் கைப்பக்குவம்" என்று சொல்லிவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வாயத் திறக்காதீங்க. கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. பெட்டியோட தானா வந்து நிப்பாரு."

இவருக்கு அது காதில் ஏறவே இல்லை. "காலையில ஒண்ணுமே குடிக்கிறதில்லையாமா? ஒரு வாய்கூடவா?" என்று கேட்டார்.

அடுத்த நிமிடம் போன் அவர் கையில் இருந்தது. பாக்கெட்டின் நிறம், எந்தக் கடை, பேப்பரின் ஒட்டிய ஓரத்தை எப்படி மடிப்பது, முதலில் அலசுவது, கொதி அடங்கியபின் ஊற்றுவது, நடுவில் ஊற்றாமல் சுற்றி ஊற்றுவது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். போதாததற்கு, மிச்சமிருந்த பேப்பரையும் அன்று மாலையே கொண்டுபோய்த் தங்கை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தங்கை பேசியபோது குரலில் தேன் வடிந்தது. அப்பா இப்போது ரெண்டு கப் குடிக்கிறாராம். செய்தித்தாளை வைத்துக்கொண்டு சின்ன மாப்பிள்ளையோடு ஒரே சண்டையாம். இனிமேல் அங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாராம்.

இவர் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நான் சொல்லாம இருந்திருந்தா வந்திருப்பாரு, இல்ல?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு எப்போது பொய் வந்தது? "வந்திருப்பாருங்க" என்றேன்.

"ம்" என்று தலையாட்டினார். "அங்க சூடாக் குடிக்கிறாருல்ல" என்றார். பாட்டில் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் தங்கை மேல் அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.