மூக்கு செத்தவள் தேடிய உயில்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூக்கு செத்தவள். ஆண்கள் வார்டில் ஆயா வேலை. படுத்த படுக்கையில் இருப்பவர்களின் மலத்தட்டை எடுப்பது, வாந்தியைத் துடைப்பது, சீழ் பிடித்த துணியை அள்ளுவது எல்லாம் அவள் தலையில்தான் விழும். மற்ற ஆயாக்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, "ஐயோ, என்னால ஆகாது" என்று நழுவுகிற இடத்தில் இவள் பாட்டுக்கு நின்று வேலையை முடிப்பாள். கையைக் கழுவிவிட்டு நேராகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். "உனக்கு மூக்கு எதுக்குடி? கண்ணாடி வழுக்காம இருக்கறதுக்கா?" என்று தலைமை நர்ஸ் கேட்பாள். இவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கே குடலைப் புரட்டியது ஒரு நாள். அது ஆஸ்பத்திரியில் அல்ல, கோர்ட்டில்.

அவளுடைய அப்பா பக்கவாதம் வந்து பதினோரு வருடம் படுக்கையில் கிடந்தார். வார்டில் செய்கிற அதே வேலையை வீட்டுக்கு வந்து மறுபடி செய்தாள். கை கால்தான் விழுந்ததே தவிர, மனிதருக்கு வாய் விழவில்லை. அவள் துடைத்துவிடும்போதே, "என் வீட்ல இருக்க. என் கூரைக்குக் கீழ தூங்கற. செஞ்சா என்ன, குறைஞ்சா போயிடுவ?" என்பார். கோபம் வந்துவிட்டால், "வெளிய போடி என் வீட்டை விட்டு!" வீட்டுக்கு அரிசியும் மருந்தும் இவள் சம்பளத்தில்தான் வந்தன. அதை ஒரு நாளும் இவள் சொல்லிக்காட்டியதில்லை. பெண் கேட்டு வந்தவர்களையும் அந்த மனிதர் ஒருவர் விடாமல் விரட்டியிருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவன் இரண்டு தடவை வந்து கேட்டான், நல்ல பையன். "அவன் மூஞ்சியும் முகரையும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தம்பி ஒருவன் உண்டு. கல்யாணம் ஆனதும் தனிக்குடித்தனம் போனவன். மாதம் ஒரு தடவை ஆப்பிள் பையோடு வருவான். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு, அப்பா அறையின் வாசற்படியிலேயே நிற்பான், கைக்குட்டை மூக்கில். "எப்படி இருக்கீங்கப்பா?" பதில் வருவதற்குள் தெருவில் அவன் வண்டி கிளம்பிவிடும். இந்தப் புண்ணியவான்தான் அப்பாவுக்குக் கண்ணுக்குக் கண்ணான பிள்ளை.

அப்பா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தம்பி வந்தான், இந்தத் தடவை ஆப்பிள் இல்லை.

"அக்கா, அப்பா உயில் எழுதி வச்சிருக்காரு. வீடு எனக்கு. கோர்ட்லயும் எல்லாம் முடிஞ்சிடுச்சு. வாங்கறதுக்கு ஆள் ரெடியா இருக்கு. அடுத்த மாசத்துக்குள்ள நீ வேற இடம் பாத்துக்கோ."

"உயிலைக் காட்டுடா."

"வக்கீல்கிட்ட இருக்கு."

"எப்ப எழுதினாரு? அவருக்குத்தான் கையே வராதே?"

"அதெல்லாம் உனக்கு எதுக்குக்கா?" என்றான், வாய் கூசாமல்.

ஆயா சம்பளத்தில் இந்த ஊரில் வாடகைக்கு ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது. இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? மறுநாள் வார்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவளைத் தலைமை நர்ஸ் பிடித்து உலுக்கினாள். "மண்ணு மாதிரி நிக்காதடி. கோர்ட்ல போட்ட உயிலை யாரும் ஒளிச்சு வைக்க முடியாது. பழைய கட்டுங்க வைக்கற அறையில இருக்கும். யார் வேணாலும் மனு குடுத்துப் பாக்கலாம். எங்க மாமா சொத்துக்கு நானே போய்ப் பாத்தேன். போ, போய் ரெண்டு கண்ணால பாரு."

போனாள். கோர்ட்டுக்குப் பின்பக்கம், படி இறங்கிப் போகிற ஒரு நிலவறை. படியின் மூலையிலேயே ஆண்கள் ஒதுங்கி ஒதுங்கிச் சுவர் மஞ்சளாகியிருந்தது. நியாயம் வழங்குகிற கட்டடத்தின் லட்சணம்! உள்ளே கூரை வரைக்கும் நாடா போட்டுக் கட்டிய காகிதக் கட்டுகள், புறா எச்சம், ஈ மிதக்கிற டீ டம்ளர்கள். நடுவில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். பேனா மூடியால் காதைக் குடைவதும், எடுத்ததை உற்றுப் பார்ப்பதும், அந்த விரலையே நாக்கில் தொட்டு ஏட்டைப் புரட்டுவதுமாக இருந்தார். சீச்சீ! கிருமி பிடித்த வார்டில்கூட யாரும் இப்படிச் செய்து இவள் பார்த்ததில்லை.

அவர் இவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மனு எழுதிட்டு வாங்க." எழுதிக்கொண்டு வந்தாள். "ஸ்டாம்ப் எங்க?" ஒட்டிக்கொண்டு வந்தாள். "செத்த தேதி போடலையே." போட்டாள். "ஏடு மேல போயிருக்கு, நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனால் அவர் லீவு. ஒவ்வொரு தடவைக்கும் வார்டில் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் வாங்கி வந்தவள் அவள். வீட்டுக்கு விலை பேசியாகிவிட்டதாகத் தம்பி வேறு போன் செய்துகொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு நாள் குமாஸ்தாவே ஏட்டை எடுத்து, எச்சில் விரலை வரிசையாக இறக்கினார். "உங்க அப்பா பேர்ல ஒண்ணும் இல்லம்மா."

"கோர்ட்ல முடிஞ்சிடுச்சுன்னு என் தம்பி சொன்னானே?"

"முடிஞ்சிருந்தா இதுல இருக்கும். இதுல இல்லன்னா முடியல. உயில்னு ஒண்ணு வரவே இல்ல."

"புளுகுணிப் பய!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் உயிர் வந்த மாதிரி இருந்தது. உயில் இல்லை என்றால் பாதி வீடாவது தனக்கு உண்டு அல்லவா?

அவளைக் கிளப்பினால் போதும் என்றிருந்தது குமாஸ்தாவுக்கு. "முதல்ல வீடு அவர் பேர்லதானா? அதைப் பாத்துட்டு வாங்கம்மா. ஊரார் சொத்துக்கெல்லாம் இங்க வந்து தேடிக்கிட்டு."

அவளுக்குத் திக்கென்றது. வீட்டு வரி ரசீதில் இருப்பது அம்மா பெயர். வருடா வருடம் வரிசையில் நின்று கட்டுகிறவளே இவள்தான். அந்தப் பெயரைப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைக்கிறவளும் இவள்தான். ஒரு தடவை அப்பாவிடம் கேட்டதற்கு, "பேரை மாத்த ஆபீஸ் ஆபீஸா எவன் அலையறது?" என்றார். சோம்பேறித்தனம் என்று நினைத்து அதோடு விட்டுவிட்டாள். அம்மா போனபோது இவள் பள்ளிக்கூடத்துப் பெண்.

"அம்மா பேர்ல பாருங்க சார்" என்று வருடத்தையும் சொன்னாள்.

குமாஸ்தா தன் சொத்தையே எழுதித் தரச் சொன்னதுபோலப் பெருமூச்சு விட்டார். வேறொரு ஏட்டைப் புரட்டி, ஒரு எண்ணைக் கிறுக்கி நீட்டினார். "இருக்கு. ஆனா அது உள் ரூம். எலி செத்துக் கிடக்கு. நான் போக மாட்டேன். வேணும்னா நீங்களே எடுத்துக்கங்க."

போனாள். கட்டின் மேலேயே கிடந்தது எலி. வாலைப் பிடித்துத் தூக்கி ஓரமாகப் போட்டாள். வாசலில் நின்ற குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயய்யே! எப்படிம்மா?" என்றார். "பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டு நாடாவை அவிழ்த்தாள்.

அம்மாவின் உயில் ஒரே பக்கம். நகையை விற்று வாங்கிய வீடு மகளுக்கு. பாங்கில் இருக்கிற பணம் இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கக் கணவருக்கு. அதன் கீழே அப்பாவின் மனு. கோர்ட் உத்தரவு இல்லாமல் பாங்கு பணம் தராதாம். அதற்காக அந்த மனிதர் உயிலைத் தானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நல்ல கை இருந்த காலத்துக் குண்டு குண்டு எழுத்து. மகள் மேஜர் ஆகும் வரை வீட்டை நான் பார்த்துக்கொள்வேன், அதன் பின் அவள் வசம் ஒப்படைப்பேன் என்று உறுதி கூறி, கீழே கையெழுத்து.

பணத்தை வாங்கிக்கொண்டார். மீதியை வாயைத் திறந்து சொல்லவில்லை.

என் வீட்டை விட்டு வெளியே போடி என்றாரே! அவளுடைய வீட்டில் படுத்துக்கொண்டு, அவளைத் துடைக்கச் சொல்லிக்கொண்டே. பெண் கேட்டு வந்தவர்களை எதற்கு விரட்டினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வருகிற மாப்பிள்ளை, இந்த வீடு யார் பேரில் என்று முதல் நாளே கேட்டிருப்பான். அவள் ஆசையாகப் பவுடர் போட்டுவிட்ட அந்த முதுகு, ஒவ்வொன்றாக வெட்டிவிட்ட அந்த விரல் நகங்கள், ஊட்டும்போது கடவாயில் வழிந்ததைத் தன் விரலால் வழித்தெடுத்த அந்த வாய், எல்லாம் கண்முன் வந்தன. வயிற்றிலிருந்து கொழகொழவென்று மேலே ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டு படிக்கு ஓடி, அந்த மஞ்சள் சுவர் ஓரத்திலேயே வாந்தி எடுத்தாள்.

"எலி நாத்தம்தானே? நான்தான் சொன்னேன்ல" என்றார் குமாஸ்தா, பெருமையாக.

"எலி இல்ல சார்" என்றாள். "நகல் எப்பக் கிடைக்கும்?"

நகல் வாங்க இன்னொரு அலைச்சல் அலைந்தாள். முத்திரை குத்திய நகல் கைக்கு வந்த வாரமே தம்பி வந்தான். வழக்கம்போலத் தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு, கையில் அளவு டேப்போடு. அவள் நகலை நீட்டினாள். படித்தான். முகம் வெளுத்ததே தவிர, ஆச்சரியம் ஒன்றும் படவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. அப்பாதான் சொல்ல வேண்டாம்னாரு. உனக்குத் தெரிஞ்சா எவனையாவது கட்டிக்கிட்டு வீட்டை வச்சுப்ப, அப்புறம் அவரை யாரு பாக்கறதுன்னு..."

"எப்பச் சொன்னாரு?"

"படுத்த புதுசுல."

"அப்ப மாசா மாசம் வாசப்படியில நின்னு நான் அள்ளிக் கொட்டறதப் பாத்தப்பல்லாம் உனக்குத் தெரியும்."

"நீ தனி ஆளுதானக்கா. எனக்குக் குடும்பம் இருக்கு. யோசிச்சுப் பாரு."

யோசிக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து அப்பாவின் அறைக்குள் போனாள். கட்டிலும் மெத்தையும் அப்படியே இருந்தன. அப்பாவின் நினைவாக இருக்கட்டும் என்று அவளே துடைத்து, உறை மாற்றி வைத்தவை. உள்ளே காலடி வைத்ததும் நாற்றம் குப்பென்று முகத்தில் அறைந்தது. பதினோரு வருட மூத்திரம், மருந்து, வியர்வை, எல்லாம் சேர்ந்து. இத்தனை நாளும் இதற்குள்ளா சோறு தின்றேன் என்று உடம்பு கூசியது.

"இங்க வா" என்று கூப்பிட்டாள். "இந்த மெத்தைய ஒரு பக்கம் பிடி. தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில போடணும்."

தம்பி வாசற்படியிலேயே நின்று பைக்குள் கை விட்டான்.

"கைக்குட்டைய உள்ள வை. ரெண்டு கையும் வேணும்."

பிடித்தான். மெத்தை கனம், நடுவில் தொய்ந்து அவன் சட்டையில் உரசியது. பாதித் தெருவில் ஓங்கரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, கீழே வைக்கலாம் என்றான். அவள் வைக்க விடவில்லை. தொட்டியில் தள்ளிவிட்டுத் திரும்பியதும் அவன் கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் விரித்து வைத்துக்கொண்டு நின்றான்.

"துடைக்கறது அப்புறம்" என்றாள் அவள். "முதல்ல என் வீட்டுச் சாவியக் குடு."