மடங்கி விழுந்த கடைசி எண்

ஆஸ்பத்திரியின் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அவரை எல்லோரும் சர்வர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணே, ரெண்டு காபி!" என்று நர்ஸுகள் கேலி பேசுவார்கள். பதினெட்டு வருஷமாக முகம் கோணாமல் சிரித்துவிட்டுப் போகிற மனுஷன். துணி அடுக்கி வைத்திருந்த பழைய அறைதான் இப்போது சர்வர் அறை, ஜன்னல்கூடக் கிடையாது. தினமும் காலையில் 'ஃப்ரீ' என்ற கட்டளையைத் தட்டி, மெமரி எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார்.

அவருக்கு ஒரே ஒரு வீம்பு. கண்ணாடி போடமாட்டார். போட்டால் கிழவன் என்று சொல்லிவிடுவார்களாம்! அதனால் திரையில் எழுத்தைப் பூதாகரமாக்கி வைத்திருந்தார். வரி முழுசாகக் கொள்ளாமல் கடைசி எண் மட்டும் மடங்கி, கீழே தனியாகக் கிடக்கும். ஏதோ குப்பை என்று அதை அவர் கண்டுகொண்டதே இல்லை.

நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் புரோகிராமை எழுதியவர் அவருடைய தங்கச்சி வீட்டுக்காரர். அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டோக்கன் வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வரிசையில் நின்றவர்கள் கத்த, மேனேஜர் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். சர்வர் அண்ணன் நோட்டை நீட்டினார்.

"பாருங்க சார், பதினாறாயிரம் எம்.பி.ல நானூறுதான் மிச்சம். இந்த புரோகிராம்தான் மெமரியை மொத்தமா முழுங்குது."

மாப்பிள்ளை நோட்டைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாசக் கடைசியில் அவர் சீட்டு கிழிந்தது.

இப்போது அவர் பார்சல் வண்டி ஓட்டுகிறார். தங்கச்சி அண்ணனோடு பேசுவதில்லை. இருந்ததை இருந்தபடிதானே சொன்னேன், சொந்தத்துக்காகப் பொய் சொல்ல முடியுமா என்று அண்ணன் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தார்.

போன வாரம் கண் டாக்டர் திட்டித் தீர்த்ததில் ஒருவழியாகக் கண்ணாடி வந்தது. எழுத்தைச் சின்னதாக்கினார். வரி முழுசாக நீண்டது. அவர் தினமும் நோட்டில் எழுதும் மூன்றாவது எண் வழக்கம்போல நானூறுதான். ஆனால் கடைசியில், கேட்டதும் எடுத்துக் கொடுக்கக்கூடிய மெமரி பதினோராயிரம் என்று இருந்தது. அடக் கடவுளே! சும்மா கிடக்கும் மெமரியில் சிஸ்டமே தான் படித்த கோப்புகளை அடுக்கி வைத்திருக்கிறது. யார் கேட்டாலும் உடனே காலி செய்து கொடுத்துவிடும். பழி மட்டும் மாப்பிள்ளை தலையில். பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்; அன்றைக்கு டோக்கன் இழுத்ததற்குக் காரணம் சர்வரில் சாகக் கிடந்த டிஸ்க். மாப்பிள்ளை போனபிறகு புது புரோகிராம் போட்டபோது டிஸ்க்கையும் சேர்த்து மாற்றியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 

மேனேஜரிடம் ஓடினார். "பழைய கதையை ஏன் கிளறுறீங்க? அந்த இடத்துக்கு ஆள் போட்டு ரெண்டு வருஷமாச்சு," என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் திறந்ததும் வாசலிலேயே நின்று, திக்கித் திணறி எல்லாவற்றையும் கொட்டினார். "மாப்பிள்ளை அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அவருக்கு அன்னைக்கே தெரியும்ணே. வருஷக்கணக்கா நீங்க தப்பான எண்ணை எழுதுறீங்கன்னு மேனேஜர் முன்னால சொல்லியிருந்தா, உங்க வேலை போயிருக்கும். இந்த வயசுல மச்சானுக்கு எவன் வேலை குடுப்பான்னாரு." அவள் கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு. அதை மறைச்சுக்கிட்டு உங்ககூட எப்படிண்ணே பேசுவேன்? அதான் பேசவே இல்லை."

 அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. தெருவில் பார்சல் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை சட்டையெல்லாம் வேர்த்து நனைந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"அட, வாங்க மச்சான்! கண்ணாடி நல்லாருக்கே," என்றார். "டோக்கன் இப்ப ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுது மாப்பிள்ளை," என்றார் சர்வர் அண்ணன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.