கயிறு பிடிக்க ஒரு சொந்தக்காரன்

ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் கரையோடு கட்டிப்போடுவது என் வேலை. கரையிலுள்ள குட்டை இரும்புத் தூணில் கயிற்றை மாட்டியதும் 'ஃபாஸ்ட்' என்று டச்சு மொழியில் ஒருவர் குரல் கொடுப்பார். பிடித்தாயிற்று, இனி நகராது என்று அர்த்தம். அவ்வளவுதான், எல்லோரும் கையை உதறிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அத்தனை பெரிய கப்பலைக் கட்டிவிட்டு ஒருத்தனாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா? எனக்கு இன்றுவரை கயிற்றை விட்டு வர மனசு வராது. "என்ன, இரும்பின் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சூப்பர்வைசர் சிரிப்பார். ஆளில்லாத கயிற்றின் மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை டச்சு மொழியில் சொல்லத் தெரியாமல் நானும் பல்லைக் காட்டுவேன்.

அந்தச் சொல்லுக்கு இங்கே ஓய்வே கிடையாது. நிரந்தர வேலையும் ஃபாஸ்ட், லிஃப்டில் மாட்டிக்கொண்டவனும் ஃபாஸ்ட், ஜெயிலில் கிடப்பவனும் ஃபாஸ்ட். என் வேலை நிரந்தரமானபோது எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்கு லிஃப்டும் ஜெயிலும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

எங்கள் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்குகிறவனின் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். மறுமுனையை எதிலும் கட்டுவதில்லை. மேலே நிற்பவர் கையில் இருக்கும். அவர் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும். வெளியாள் பீடி பற்றவைக்கப் போய்விடுவான், ரத்த சொந்தம் விடாது என்று ஒரு கணக்கு. அப்பா இறங்கியபோது சித்தப்பா பிடித்திருந்தார். விஷவாயு அடித்து அப்பா சாய்ந்ததும் கத்திக்கொண்டே இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு அவரும் குதித்துவிட்டார். இரண்டு பேரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். சொந்தக்காரர் என்பதால்தானே குதித்தார்? பாழாய்ப்போன அந்த வழக்கத்தை இன்னும் ஒருவரும் விடவில்லை.

இன்று மதியம் தம்பி சேகர் போன் செய்தான். அவனும் அதே டேனரியில்தான் இருக்கிறான். ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனாலும் நாளைக்கு அவனை இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். கயிறு பிடிக்கப் போவது சித்தப்பா மகன் பாபு.

"வேணாம்டா, வேலைய உட்டுடு."

"உட்டுட்டு? இந்த ஊர்ல வேற எவன் என்னை சேத்துக்குவான்?"

"அப்ப பாபு வேணாம். கயித்த தூண்ல கட்டு."

"தூணு இழுக்குமாண்ணா?"

அவனே மேலும் கேட்டான்.

"நீ இங்க இருந்தா நீதான புடிப்ப?"

"பின்ன?"

"நான் உள்ள உழுந்துட்டா இன்னா பண்ணுவ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"குதிப்பேன்டா."

"அப்ப நீ அங்கியே இருண்ணா," என்றான். "அம்மாவுக்கு ஒருத்தனாவது மிஞ்சட்டும்."