எண்ணாமல் விட்ட ஒன்பது கடி

பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரை எல்லோரும் டயர்தட்டி என்றுதான் சொல்வார்கள். காலையில் நாலாவது நிறுத்தம் வந்ததும் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுக் கீழே இறங்குவார். கையில் ஒரு சின்ன இரும்புக் கம்பி இருக்கும். டயர் ஒவ்வொன்றையும் டொக் டொக் என்று தட்டுவார், குனிந்து பார்ப்பார், மறுபடி தட்டுவார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பஸ்ஸில் வரும் ஆயாவுக்குப் பொறுமை போய்விடும்.

"பொண்டாட்டிய இப்படி ஒரு நாள் விசாரிச்சிருப்பாரா இந்த மனுஷன்? டயரைப் போய் தினமும் நலம் விசாரிக்கறாரு!"

ஒரு நாள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஃபிரிட்ஜ் கெட்டுப்போய், அதைப் பார்க்க அவருடைய சகலை அதே பஸ்ஸில் போனார். அக்காவை டயர்தட்டியும் தங்கையை இந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கும் கட்டியிருந்தார்கள். மெக்கானிக்குக்குக் காது கூர்மை. மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். டயரைத் தட்டின சத்தம் அவருக்குக் கேட்டது. எந்த டயரிலும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏன் இந்த மனிதர் இத்தனை நேரம் தட்டுகிறார் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சந்துக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு ஷூ காலில், ஒரு ஷூ கையில். அவள் ஏறினாள். டயரும் சரியாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு அம்மா மட்டும்தான். அம்மா ஒரு தொழிற்சாலையில் ராத்திரி வேலை முடித்து வந்துதான் மகளைக் கிளப்ப வேண்டும். தாமதமாக வரும் பிள்ளைக்காக பஸ் நிற்கக் கூடாது என்று மற்ற பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைக்காகத்தானே நிற்கக் கூடாது? டயருக்காக நிற்பதை யார் கேட்க முடியும்?

மெக்கானிக் அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மெக்கானிக்கின் மனசில் அந்த மனிதர் ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பேரும் வருஷா வருஷம் கோடை விடுமுறையில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார்கள். மூன்று நாள். டயர்தட்டியின் பழைய காரில் அடுப்பு, பாத்திரம், தூண்டில், பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரையில் ஒரு தகரக் கூரை அறையும் ஒரு துடுப்புப் படகும் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். கேட்டால் மீனுக்காக என்பார்கள். அது பாதி பொய். ஒருவருக்கு வருஷம் முழுக்கப் பிள்ளைகள் சத்தம், இன்னொருவருக்கு வருஷம் முழுக்க மோட்டார் சத்தம். சத்தமில்லாமல் உட்கார ஒரு இடம் வேண்டியிருந்தது.

அந்த இடத்துக்கும் ஒரு வில்லங்கம் வைத்திருந்தார் கடவுள். ஈ. வீட்டு ஈ இல்லை, கடிக்கிற ஈ. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். காற்று நின்று வெயில் ஏறியதும் நாணல் புதரிலிருந்து கிளம்பி வரும். கொசு திருடன் மாதிரி, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இது வழிப்பறிக்காரன். கத்தரிக்கோலால் வெட்டுவதுபோல் தோலை வெட்டி, வழிகிற ரத்தத்தை நக்கும். எவ்வளவு பெரிய பொறுமைசாலியும் 'ஆ' என்று கத்தாமல் இருக்க முடியாது.

அதற்கு அவர்கள் செய்யாத வைத்தியம் இல்லை. ஒரு வருஷம் பூண்டை நசுக்கி உடம்பெல்லாம் பூசிக்கொண்டார்கள். ஈ வழக்கம்போல் வந்தது, மீன்தான் வரவில்லை. இன்னொரு வருஷம் எலி பிடிக்கிற பசை அட்டையை வெட்டித் தொப்பிமேல் ஒட்டிக்கொண்டார் மெக்கானிக். ஈக்கள் நன்றாகத்தான் ஒட்டின. சாயங்காலம்வரை தலைக்குமேல் அவை ரீங்காரம் போட்டதில் அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கடைசியில் பசை முடியிலும் இறங்கி, வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்தரியோடு உட்கார வேண்டியதாயிற்று. "மீன் பிடிக்கப் போனீங்களா, முடி எடுக்கப் போனீங்களா?" என்று கேட்டாள் அவள்.

வெள்ளைச் சட்டை போட்டால் கொஞ்சம் குறைவாக வரும், படகை நடு ஏரிக்குத் தள்ளிப்போனால் கொஞ்சம் குறைவாக வரும். அவ்வளவுதான் கண்டுபிடித்தார்கள். மிச்சத்தை ஒரு விளையாட்டாக மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் கரைக்கு வந்ததும் ஆளுக்கு எத்தனை கடி என்று எண்ண வேண்டும். யாருக்குக் குறைவோ அவர் மீன் செதில் சுரண்ட வேண்டும். கடி அதிகம் வாங்கினவர் காலை நீட்டி உட்காரலாம். இதில் இரண்டு பேரும் பண்ணின அழும்பு கொஞ்சநஞ்சமில்லை.

"இது பழைய கடி சகலை. போன வருஷத்துத் தழும்பைக் கொண்டுவந்து காட்டாதீங்க."

"யோவ், ரத்தம் காயலய்யா இன்னும். தொட்டுப் பாரு."

"அது முகப்பரு."

"இந்த வயசுல எனக்கு முகப்பருவா? உன் வாய்க்குச் சர்க்கரை போட."

ஒரே ஒரு கடிக்காக அரைமணி நேரம் வழக்குப் பேசுவார் டயர்தட்டி. விட்டுக்கொடுத்ததே கிடையாது.

அந்தக் கடைசிக் கோடையில், இரண்டாம் நாள் சாயங்காலம், எண்ணினார்கள். மெக்கானிக்குக்குப் பதினாலு. டயர்தட்டி கழுத்தையும் கையையும் எண்ணிவிட்டுப் பதினொன்று என்றார். வழக்கில்லை, வாதமில்லை. கத்தியையும் மீன் சட்டியையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போய்க் குந்தினார்.

சுலபமாக ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் காலை நீட்டிக்கொண்டு மெக்கானிக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த வலது பாதம் கண்ணில் பட்டது. கணுக்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாக வீங்கியிருந்தது. சில இடத்தில் ரத்தம் கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. மெக்கானிக் எண்ணினார். ஒன்பது. பத்தாவதை ஒரு ஈ அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல் அது ரத்தம் குடித்தது. டயர்தட்டி மீன் சுரண்டிக்கொண்டே ஏதோ ஒரு பக்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கடிக்காக அரைமணி நேரம் சண்டை போடுகிற மனிதர், ஒன்பது கடியை எண்ணாமல் விட்டிருக்கிறார்.

"சகலை, கால்ல ஈ."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். திரும்பவில்லை. "எந்தக் கால்ல?" என்று கேட்டார்.

மெக்கானிக் எழுந்து போய் அந்த ஈயைத் தட்டிவிட்டார். பாதத்தைத் தொட்டார். தொட்டது அவருக்குத் தெரியவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"எவ்வளவு நாளா?"

"போன மழைக்கு முன்னாலேருந்து. முதல்ல விரல் மரத்துச்சு. அப்புறம் முழுப் பாதமும். சர்க்கரை இருந்தா இப்படி வருமாம். மாத்திரை போடறேன்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா பஸ் ஓட்டுனீங்க?"

"காதால ஓட்டறேன்யா. பிரேக் அழுந்தறது எனக்குச் சத்தத்துல தெரியும். இன்ஜினும் சொல்லிடும். இருபத்தாறு வருஷத்துல ஒரு கீறல் உண்டா, சொல்லு."

மெக்கானிக்கின் மகளுக்கு எட்டு வயசு. அதே பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லாதப்பா. வண்டிய விட்டா நான் வீட்ல உக்காந்து என்ன செய்வேன்? சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரவா?" மீன் செதில் ஒட்டின கையால் மெக்கானிக்கின் கையைப் பிடித்தார். "உன்னக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இந்த ஒரு வருஷம்."

அந்த மனிதர் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே செய்துவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மெக்கானிக்குக்குக் கல்நெஞ்சு இல்லை.

"சரி" என்றார்.

மெக்கானிக் மறுநாள் காலையில் ஏரியில் குளித்துவிட்டு, கிழக்கே பார்த்துக் கைகூப்பி நின்றார். தினமும் சொல்கிற பிரார்த்தனைதான். அன்றைக்குப் பாதிக்குமேல் வரவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்று என்று எந்த வாயால் கேட்பது? கடவுள் காட்டிக்கொடுத்ததையே மறைக்கிறேன் என்று நேற்றுத்தானே சம்மதித்தார்?

மத்தியானம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். டயர்தட்டிதான் ஓட்டினார். தாராளமாகப் பேசிக்கொண்டு, நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு சின்ன கடைவீதியில், வளைவு தாண்டியதும் ஒரு சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார். கார் நின்றது. ஆனால் நின்றபோது சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"கண்ணு பொடனிலயா இருக்கு?" என்று சைக்கிள்காரர் கத்திவிட்டுப் போனார்.

டயர்தட்டி குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தார். பாதத்தில் பாதி பிரேக்கின் மேல் இருந்தது, பாதி பக்கவாட்டில் வழுக்கி வெளியே தொங்கியது. பாதி பாதத்தில்தான் கார் நின்றிருக்கிறது. எந்தச் சத்தமும் அதை அவர் காதில் சொல்லியிருக்கவில்லை.

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்து, இந்தப் பக்கத்துக் கதவருகே நின்றார். "தள்ளி உக்காருப்பா" என்றார். மெக்கானிக் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட அலுவலகம் திறந்த அன்றே டயர்தட்டி போய், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு பஸ் சாவியைக் கொடுத்தார். எழுத்தர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிராமலேயே, "மேசைமேல வச்சிட்டுப் போங்க" என்றாராம். வைத்துவிட்டு வந்தார்.

மெக்கானிக் அதைக் கேள்விப்பட்டபோது அழுதார். நிம்மதியிலா வெட்கத்திலா என்று அவருக்கே தெரியவில்லை. தான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டியதை, அந்த மனிதர் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டார்.

அந்தக் கடிகளில் ஒன்று ஆறவில்லை. வலித்திருந்தால் அவர் கவனித்திருப்பார். வலி என்பது கடவுள் வாசலில் கட்டியிருக்கிற மணி. அவர் வீட்டில் அது அடிக்கவில்லை. மனைவி வாடை பிடித்துக் கேட்டபோது பாதம் கறுத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் விரல்கள் என்றார்கள். அப்புறம் பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்றார்கள்.

அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் மெக்கானிக் போனார். எட்டுக் கட்டில் போட்ட நீள அறை. ஜன்னலோரக் கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி கீழே தரையில் துணி விரித்துப் படுத்து, அசதியில் தூங்கிப்போயிருந்தாள்.

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். வரும்போது என்னென்னவோ பேச வேண்டும் என்று நினைத்திருந்தார்.

"சகலை... நான் அன்னைக்கு ஏரியிலேயே..."

"விடுய்யா." அவர் கையை அசைத்தார். "நீ 'சரி'ன்னு சொன்னப்பவே உன் மூஞ்சி செத்துப்போச்சு. அதைப் பாத்துட்டேதான் கார் ஓட்டினேன். மீனு என்னாச்சு? உன் வீட்டுக்காரி பொரிச்சாளா?"

"பொரிச்சா. யாரும் சாப்பிடல."

"மீனு பாவம்" என்று அவர் சிரித்தார்.

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னார். மெக்கானிக் எழுந்து, போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டார். மறுநாள் மயக்க மருந்து கொடுத்த பிறகு அவர் கண் திறக்கப்போவதில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கதவுவரை போய்விட்டார். அவர் கூப்பிட்டார். மனைவி விழித்துவிடக் கூடாதென்று மெல்லிய குரலில்தான் கூப்பிட்டார். மெக்கானிக் திரும்பி வந்து குனிந்தார்.

"பஸ்ஸுக்குப் புதுசா வந்திருக்கறவரு லாரி ஓட்டினவராம். பிரேக்கை அடிச்சுப் போடுவாரு, பழக்கம் அப்படி. சாயங்காலம் பாலம் தாண்டினதும் பின்சீட்டுல சின்னதுங்க எல்லாம் தூங்கிடும். தலை போய் முன்சீட்டுக் கம்பியில இடிக்கும். பாலத்துக்கு அப்புறம் மெதுவா அழுத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. பாவம், வந்த புதுசு, அவருக்கு ஒரு மாதிரி இருக்கும்."