விளக்குப் பெட்டி

கோவிந்தண்ணா, மைதா பசை காய்ச்சுகிற வாசனை எங்கிருந்து வந்தாலும் இன்றைக்கும் கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அண்ணன் கோவிந்தனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மர்பி டவுனில் ஒரே அறை வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர். தேர்தல் வந்தால் எங்கள் அடுப்பில் சோற்றுக்கு முன்னால் நோட்டீஸ் ஒட்டுகிற பசைதான் கொதிக்கும். எலி தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம் என்கிற விஷத்தைக் கலப்பார்கள். "கைய வாயில வெச்சே, செத்தே" என்று அம்மா மிரட்டி மிரட்டி, தேர்தல் என்றாலே வீட்டில் யாரோ சாகப்போகிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

அண்ணன் படித்தது நாலாங்கிளாஸ். அப்பா போனதும் சிவாஜிநகரில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தார். மிச்சப் படிப்பெல்லாம் அங்கேதான். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஈய எழுத்தில், தலைகீழாக, விரல் கறுக்கக் கறுக்கப் படித்தார். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் மனு எழுத எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். அவர்களே அவரைத் தேர்தலில் நிற்கவும் வைத்தார்கள்.

"மெட்ரிக் பாஸுன்னு போடுப்பா, யாரு வந்து பாக்கப் போறான்?" என்றார் பக்கத்து வீட்டு மேஸ்திரி.

"என் கையால கோக்கற நோட்டீசு மேஸ்திரி இது. பொய்யக் கோக்க மாட்டேன்" என்று சொல்லி, 'நாலாம் வகுப்பு' என்றே அண்ணன் அச்சடித்தார். எதிராளியின் ஆட்கள் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடித்து, "ஏ நாலாங்கிளாசு! சட்டசபையில போயி ஸ்லேட்டு தொடைக்கப் போறியா?" என்று கத்துவார்கள். அண்ணனை அடித்துவிடுவார்களோ என்று நான் அரிசி டின்னுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்வேன்.

அப்போதெல்லாம் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. சின்னத்தைப் பெட்டிமேல் ஒட்டியிருப்பார்கள். பிடித்தவரின் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் ஓட்டு. அண்ணனுக்குக் கிடைத்த சின்னம் விளக்கு. அம்மா தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப்போடும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தவளின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"விளக்கு முன்னால சீட்ட வெச்சி, நல்லா கும்புட்டு வந்தேன்டி."

"உள்ள போடலியாம்மா?"

"எரியற விளக்குல யாராவது காகிதத்தப் போடுவாங்களா? அது எம்புள்ளயோட விளக்குடி!"

தெருப் பெண்கள் பாதிப்பேர் அப்படித்தான் செய்திருந்தார்கள். வெளியே கிடந்த சீட்டு செல்லாது என்று அதிகாரிகள் ஒதுக்கிவிட, அண்ணன் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், "பெட்டி மேலயே வெச்சிட்டுப் போயிருக்காங்க. எந்த மகராசிங்களோ!" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

"அவன்கிட்ட சொன்னே, அப்புறம் அவன் மொகத்துல நான் முழிக்க முடியாது" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அண்ணன் "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அஞ்சு வருஷம் அச்சாபீஸிலேயே கிடந்துவிட்டு அண்ணன் மறுபடி நின்றார். மறுபடியும் விளக்கு. சொன்னால் அம்மா போய்விடுவாள், சொல்லாவிட்டால் அண்ணன் தோற்றுவிடுவார் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவர் பசையில் பிரஷ்ஷை முக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்: "அண்ணா, போன தடவ அம்மாவும் வெளியதான் வெச்சாங்க."

பிரஷ்ஷிலிருந்து பசை சொட்டியது. அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பிரஷ்ஷை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மறுநாள் மண்ணெண்ணெய் டின் ஒன்றில் ஓட்டை போட்டு, விளக்குப் படம் ஒட்டி, அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இது விளக்கில்லம்மா. உண்டியல்னு நெனச்சிக்க. உள்ள போட்டாத்தான் சாமிக்குச் சேரும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு காகிதத்தை உள்ளே போட்டாள். அந்த வாரம் முழுக்கத் தெருப் பெண்களை வரிசையில் நிற்கவைத்துப் போடப் பழக்கியவளும் அவள்தான். "மேல வெச்சிட்டு வந்தீங்க, குழாயடியில ஒருத்தி கொடம் வெக்க முடியாது, பாத்துக்கங்க!"

அண்ணன் ஜெயித்தார். சட்டசபை கூடுகிற விதான சௌதாவுக்கு பஸ்ஸில்தான் போனார். கன்னடத்தில் உறுதிமொழியைத் தடுமாறாமல் படித்துவிட்டு வந்து, "நேரா இருந்த எழுத்தும்மா, சுலபம்" என்று சிரித்தார். ஆனால் இருமல் அப்போதே தொடங்கிவிட்டது. அச்சாபீஸ் ஈயத்தூள் உள்ளே போய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பதவிக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

இந்தத் தேர்தலில் தனிப்பெட்டிகள் இல்லை. ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சடித்து, முத்திரை குத்தச் சொல்கிறார்கள். அம்மா போய்விட்டு வந்து, "அதுல விளக்கே இல்லடி" என்றாள். பிறகு, "அன்னிக்கே உள்ள போட்டிருந்தா, அஞ்சு வருஷம் முன்னாலயே அச்சாபீச விட்டிருப்பான் இல்ல?" என்று கேட்டாள். நானாவது அப்போதே ஓடிப்போய் அவளை உள்ளே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

இதைப் படிக்கிறவர்கள் இன்று வீட்டில் விளக்கேற்றும்போது, கோவிந்தன் என்று ஒருதரம் சொல்லி எங்கள் அண்ணனுக்காகக் கும்பிடுங்கள். அம்மாவுக்காகவும் சேர்த்துக் கும்பிடுங்கள்.