ஹெலியா, பிளேனா: சவரிமுத்துவும் நானும்

செய்தி பஸ் கண்டக்டர் கையில் வந்தது. நோட்டன் பிரிட்ஜில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, "மாஸ்டர், அக்கரப்பத்தனையில இருந்து குடுத்து விட்டாங்க" என்று மடித்த தாள் ஒன்றை நீட்டினார். காலையில் பெக்டரிக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சவரிமுத்து எழும்பவில்லை; நாளைக்கு அடக்கம். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன். அந்தப் பாடவேளையில் என்ன படிப்பித்தேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை.

அவரை உங்களில் பலருக்குத் தேயிலை பெக்டரியின் இஞ்சின்காரராகத் தெரியும். எனக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைக்காரர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை, பங்களாவின் தண்ணீர்ப் பம்பைப் பல வருஷம் ஓடவைத்த சவரிமுத்துவுக்கு இரண்டு பெட்டி பழைய சஞ்சிகைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் போர் விமானங்களைப் பற்றியவை, எல்லாம் ஆங்கிலம். சவரிமுத்துவுக்குப் படங்கள் போதும். ஆனால் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லையாம். அப்போது நான் அந்தத் தோட்டப் பாடசாலையில் இருந்தேன். "மாஸ்டர், இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் கூட்டிப் போனவர், பத்து வருஷம் என்னை விடவில்லை.

இஞ்சின் அறையில் பலகைப் பெட்டி மேல் உட்கார்ந்து, தரையில் சண்டை போடும் படைக்கு மேலிருந்து துணை செய்ய எது உகந்தது என்று வாதாடுவோம். நான் ஹெலிகொப்டர் கட்சி, அவர் பிளேன் கட்சி. ஹெலிக்கு ஓடுபாதை வேண்டாம், மலைக்குப் பின்னால் ஒளிந்திருந்து தலையை மட்டும் தூக்கிச் சுடும், நின்ற இடத்தில் நிற்கும் என்பேன். "நிக்கிறதுதான் அதுக்கு வெனை" என்பார் அவர். "நின்னா அடி விழும். தலைக்கு மேல சுத்துற விசிறி போச்சுன்னா அம்புட்டுத்தான். இந்த ஏ-10 பிளேனப் பாருங்க. ரெண்டு இஞ்சின், எட்ட எட்ட வச்சிருக்கான். ஒண்ணு செத்தாலும் மத்தது வீட்டுக்குக் கொண்டாந்து சேத்துரும். ஓட்டுறவனச் சுத்தி இரும்புத் தொட்டி கட்டியிருக்கான். இது வேலை தெரிஞ்சவன் செஞ்சது." அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்குக்குள் அது திரும்ப இடமேது, அடுத்த மலையில் மோதுமே என்று நான் மடக்குவேன். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஹெலி கங்காணி மாதிரி மாஸ்டர், கொழுந்து பறிக்கிற நிரைக்குப் பக்கத்துலயே நிக்கும். பிளேன் பெரிய தொர. வருவாரு, சத்தம் போடுவாரு, போயிருவாரு. ஆனா தொர வந்து போனாத்தான நடுங்குறோம்?"

இந்த வாக்குவாதமெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில், தடித்த அட்டை போட்ட நோட்டில், ஏறியது. இடது பக்கம் ஹெலி, வலது பக்கம் பிளேன். வேகம், சுமை, எவ்வளவு நேரம் மேலே நிற்கும், எந்த இடத்தில் அடிபட்டால் விழும். படங்களை அவர் கீறினார். அவ்வளவு சுத்தமான கோடு. எழுத்து முழுவதும் என்னுடையது. சவரிமுத்துவுக்குத் தன் பெயரும் இஞ்சின் புத்தகத்தில் போடும் இலக்கங்களும்தான் எழுத வரும்.

எண்பதுகளின் நடுவில், வடக்கில் சண்டை மூண்டு நாடு கெட்டுக் கிடந்த காலத்தில், யாரோ அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஹெலிகொப்டர் ஒன்று எங்கள் விளையாட்டு மைதானத்தில் இறங்கியது. தோட்டமே திரண்டு பார்த்தது. திரும்பிப் போகும்போது வந்தவர்களை விடக் கூடுதலான ஆட்கள் ஏறினார்கள், பெட்டிகளும் ஏறின. மைதானத்தின் மறுகரையில் கிடங்கு, விழுந்தால் எடுக்க முடியாத பள்ளம். சவரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே ஓட்டுபவரிடம் போனார். "மாத்தயா, இந்த ஒசரத்துல காத்து லேசு" என்று சிங்களத்தில் சொன்னார். "எங்க பெக்டரி இஞ்சினே தகட்டுல அடிச்சிருக்கிற பவர இங்க குடுக்காது. ரெண்டு பேர எறக்கிட்டுப் போங்க." ஓட்டுபவர் கையை வீசி விலகச் சொன்னார். விசிறி சுழன்றது, இடுப்பளவு எழும்பியது, தள்ளாடி மீண்டும் புல்லில் உட்கார்ந்தது. பிறகு இரண்டு பேரை இறக்கினார்கள். ஹெலி கிடங்கைத் தாண்டிப் பத்திரமாகப் போய்விட்டது.

இறங்கிய இருவரில் மூத்த அதிகாரி சவரிமுத்துவிடம் கேட்டார், "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" வேறு யாராக இருந்தாலும் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பான். அந்த மனிதர் முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க மாத்தயா, காட்டுறேன்" என்று அவர்களைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், கொப்பியை எடுத்துக் கையில் கொடுத்தார். பத்து வருஷத்தில் அதைக் கேட்டுப் பார்த்த முதல் ஆள் அந்த அதிகாரிதான். சவரிமுத்துவுக்கு அது மட்டுமே தெரிந்தது.

அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஹெலிகொப்டர் படமும், வால் விசிறியைக் காட்டும் அம்புக்குறியும், அதற்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தும் சந்தேகப்படப் போதுமானவையாக இருந்தன. "இதை யார் எழுதியது?" என்றார். வாசற்படிக்கு வெளியே, கூட்டத்தின் முன்வரிசையில் நான் நின்றேன். என் பேனா என் பையில் இருந்தது. சவரிமுத்து ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, "நான்தான் மாத்தயா" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அரசாங்க வேலை, மூன்று பிள்ளைகள். ஆனால் அந்த நேரத்தில் அவர்களை நினைத்தேன் என்று சொன்னால் பொய். பயந்தேன், அவ்வளவுதான்.

சவரிமுத்துவைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பார்க்கப் போனேன். மனைவி பிலோமினா டீ கொண்டுவந்து வைத்தார். சவரிமுத்து நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவது போலத் தொடங்கினார்.

"மாஸ்டர், நாம ரெண்டு பேரும் ஓட்டுறவன் சீட்டுல உக்காந்தேதான் பேசியிருக்கோம். உள்ள அடைச்சிருந்தப்ப, ரெண்டும் மேலேருந்து சுடுறப்ப கீழ படுத்துக் கெடந்தவங்களப் பாத்தேன். கேட்டேன். பிளேன்காரனுக்குக் கீழ யாருன்னே தெரியாதாம். ஹெலியில கதவுக்கிட்ட உக்காந்திருக்கவனுக்கு மொகம் தெரியுமாம். மொகத்தப் பாத்துட்டுச் சுடாமப் போனவனும் இருக்கானாம். நான் ஒங்க கட்சிக்கு வந்துட்டேன்."

"பாத்துட்டும் சுட்டவன்?" என்று கேட்டேன்.

டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அது மெசினோட குத்தம் இல்லையே மாஸ்டர்" என்றார்.

அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. குத்திப் பேசத் தெரியாத மனிதர். நான்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன். அந்த வருஷமே இடமாற்றம் கேட்டு நோட்டன் பிரிட்ஜுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகும் மாதம் ஒருமுறை போவேன். ஒவ்வொரு முறையும், அன்றைக்கு ஒளிந்துகொண்டதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று போய், அக்கரப்பத்தனை மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவேன்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பிலோமினாவிடம் போய், "அந்தக் கொப்பிய எழுதினது நாந்தாம்மா" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"தெரியுங்க மாஸ்டர். பதினெட்டு வருசம் குடும்பம் நடத்துனேன், அவருக்கு எழுத வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஒங்க வீட்டுக்கு வந்து ரெண்டு வார்த்தை கேக்கணும்னு அப்பவே கெளம்புனேன். அவருதான் விடல. மாஸ்டரே ஒருநா வந்து சொல்லுவாரு, நீ கேட்டுச் சங்கடப்படுத்தாதன்னாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம், இன்னைக்கும் சொல்லலையாங்கன்னு கேப்பேன். அடுத்த மாசம் சொல்லுவாருன்னுவாரு."

எல்லோரிடமும் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. எனக்கென்று இருப்பது, மாதா மாதம் அவர் எனக்காகத் தள்ளிப்போட்ட அந்த அடுத்த மாதம். இதை அச்சில் போட்டால் இந்தக் காலத்தில் வில்லங்கம் வரும், வேலையும் போகலாம் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். தோட்டத்தில் இன்னும் சிலர் சவரிமுத்துவைப் பற்றி, நெருப்பில்லாமல் புகையுமா என்கிற தோரணையில் பேசுகிறார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும். அதிகாரி அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில்: எழுதியது நான்.